அரை மணி நேரத் தூக்கம் தந்த அடுப்பு

பத்து காஜாவில் ரயிலை விட்டு இறங்கும் சுற்றுப்பயணிக்குப் பெரும்பாலும் இரண்டு வேலைகள்தாம் இருக்கும். ஒன்று, கெல்லி மாளிகையைப் பார்ப்பது. இன்னொன்று, தஞ்சோங் துவாலாங் சாலையில் நிற்கும் ஈயம் தோண்டிய பழைய கப்பலைப் பார்ப்பது. இரண்டையும் சுற்றி வந்து படம் எடுத்துக்கொண்டு, ஈப்போவில் வெள்ளைக் காப்பி குடித்துவிட்டு மாலை ரயிலைப் பிடித்துவிடலாம். நானும் பல வருடங்கள் அப்படித்தான் வந்து போனேன்.

கணவருக்கு ஈப்போவுக்கு வேலை மாற்றம் கிடைத்த பிறகு இந்த ஊரிலேயே ஒரு தாமானில் வீடு எடுத்துக் குடியேறினோம். நிகழ்ச்சி ஒலிப்பதிவு உள்ள நாள்களில் இ.டி.எஸ். ரயிலேறித் தலைநகர் போய் வருகிறேன். மற்ற நாள்களில் ஊர் சுற்றுகிறேன். அப்படிச் சுற்றியதில் இந்த ஊரின் மூன்றாவது பழம்பொருள் ஒன்று எனக்குக் கிடைத்தது. மாளிகையைப் போல அதற்கு நுழைவுச்சீட்டு கிடையாது. நாற்பது வயதைத் தாண்டிய கேஸ் அடுப்பு அது. இப்போது எங்கள் வீட்டுச் சமையலறையில் எரிகிறது.

யார் விட்டுச் சென்றது?

பத்து காஜா என்றால் யானைக்கல். யானை வடிவில் கிடந்த பாறைகளால் வந்த பெயர் என்பார்கள். மேட்டில் வெள்ளைக்காரர் காலத்து நீதிமன்றம், மருத்துவமனை, அரசாங்கக் குடியிருப்புகள். கீழே கடைத்தெரு. கிந்தா மாவட்டத்தை ஆண்டது இந்த மேடுதான். சற்றுத் தள்ளி இருக்கும் பழைய கிறிஸ்துவக் கல்லறைத் தோட்டத்தில், 1948-இல் அவசரகாலம் தொடங்கியபோது கொல்லப்பட்ட தோட்டத் துரைகள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். கல்லறைகளில் பெயரும் வயதும் இன்றும் தெளிவாகப் படிக்கக் கிடைக்கின்றன.

கெல்லி மாளிகையைக் கட்டிய வில்லியம் கெல்லி ஸ்மித் ஸ்காட்லாந்துக்காரர். இருபது வயதில் மலாயாவுக்கு வந்து, ரப்பர்த் தோட்டம் போட்டுப் பணக்காரரானவர். 1915-இல் மாளிகை வேலையைத் தொடங்கினார். தென்னிந்தியாவிலிருந்து கொத்தனார்கள் வந்தார்கள். மலாயாவின் முதல் மின்தூக்கியை இங்கே பொருத்துவதாகத் திட்டம். 1926-இல் அவர் போர்ச்சுகலின் லிஸ்பன் நகரில் நிமோனியா கண்டு இறந்துபோக, வேலை பாதியில் நின்றது. பக்கத்திலேயே ஒரு மாரியம்மன் கோவில் இருக்கிறது. கட்டட வேலையின்போது தொழிலாளர்கள் கொள்ளை நோயில் மடிய, அவர்கள் கேட்டுக்கொண்டபடி துரை கட்டிக்கொடுத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. கோவிலின் மேற்புறச் சிலைகளுக்கு நடுவே கோட்டு சூட்டு போட்ட ஒருவரும் நிற்கிறார். அவர்தான் துரை என்று காட்டுவார்கள்.

ஈயக் கப்பலுக்கு வயது இன்னும் குறைவு. 1938-இல் கட்டப்பட்டது, எடை சுமார் 4,500 டன். பள்ளத்து நீரில் மிதந்தபடியே மண்ணை வாளி வாளியாக அள்ளிச் சலித்து, ஈயத்தைப் பிரித்தெடுத்தது. 1982-இல் நின்றது. மூன்றே வருடங்களில், 1985 அக்டோபரில், உலகச் சந்தையில் ஈய விலையே சரிந்து விழுந்தது. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயக் கதை பெரும்பாலும் அதோடு முடிந்தது.

மாளிகை துரையுடையது. கப்பல் கம்பெனியுடையது. இரண்டும் காப்பாற்றப்பட்டதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் இந்த வட்டாரத்தில் பால் மரம் வெட்டியவர்களின் வீட்டிலிருந்து ஒரு பொருளாவது எங்கேயாவது வைக்கப்பட்டிருக்கிறதா? லயங்கள் இடிந்தன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய்த் தாமான்கள் வந்தன. வீடு மாறும்போது சட்டி பானைகளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பழைய இரும்பு வாங்குகிறவரின் லோரி வந்ததும் எல்லாம் ஏறிவிடும்.

“சோறாக்குறதுன்னா எடுத்துட்டுப் போ”

எங்கள் தாமானுக்கு அடுத்த வரிசையில் ஒரு பாட்டி இருந்தார். தொழிலாளியாகத் தோட்டத்தில் முப்பது வருடங்களுக்கு மேல் பால் வெட்டியவர். கிள்ளானில் இருக்கும் மகளோடு போய்த் தங்க முடிவாகி, வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். வாசலில் குவிந்த சாமான்களுக்கு நடுவே, பழைய துணியில் சுற்றிக் கயிறு கட்டிய பொட்டலம் ஒன்று கிடந்தது. தூக்கிப் பார்த்தேன், ஒரு கையால் முடியவில்லை. பிரித்தால் இரண்டு பர்னர் வைத்த கேஸ் அடுப்பு.

இன்றைய அடுப்புகளைப் போல மெல்லிய தகடு இல்லை. கால்களும் பர்னர்களும் வார்ப்பு இரும்பு. பர்னர் தலையில் பித்தளை மூடி. உடம்பில் வெளிர் பச்சை எனாமல், முன்பக்கம் மங்கிப்போன பூப்படம். தானாகப் பற்றும் வசதி கிடையாது; நெருப்புக்குச்சி உரசித்தான் பற்ற வைக்க வேண்டும். பெயர்த் தகடு தேய்ந்து, ‘ஜப்பானில் செய்யப்பட்டது’ என்பது மட்டும் மிஞ்சியிருந்தது. அந்தக் காலத்து நம் சமையலறைகளில் ஜப்பான் அடுப்புக்குத் தனி மரியாதை. இன்றும் நாம் கடைகளில் பார்க்கும் ரின்னாய் நிறுவனம்கூட 1920-இல் நகோயா நகரில் மண்ணெண்ணெய் அடுப்பு செய்துதான் தொழிலைத் தொடங்கியது.

“எவ்வளவு பாட்டி?” என்றேன்.

“நீ எதுக்குக் கேக்குற? பூச்சட்டி வைக்கவா?”

அப்படிக் கேட்க அவருக்குக் காரணம் இருந்தது. தையல் மிஷின் காலை மேசையாக்கி, அம்மிக்கல்லை வாசலில் அலங்காரமாக வைக்கும் காப்பிக் கடைகளை அவரும் ஈப்போவில் பார்த்திருக்கிறார்.

“கண்ணாடிப் பெட்டியில வைக்கிறதுன்னா தரமாட்டேன். சோறாக்குறதுன்னா எடுத்துட்டுப் போ” என்றார். விலை ஐம்பது வெள்ளி. பேரம் பேச இடமே வைக்கவில்லை.

நாலு மணி, நாலரை மணி

அந்த அடுப்பின் கதையைத் திண்ணையில் உட்கார வைத்துச் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் பொருளின் எடை எனக்கு உண்மையாகப் புரிந்தது.

பால் மரத்தை வெயிலுக்கு முன் வெட்ட வேண்டும். விடியற்காலைக் குளிர்ச்சியில் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகமாக இருக்கும். வெட்டிய கோட்டில் பால் நன்றாக இறங்கும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்து காயம் அடைத்துக்கொள்ளும். ஆகவே தோட்டத்து நாள் இருட்டிலேயே தொடங்கியது. பெரட்டுக்குப் பெயர் கொடுக்கும் நேரத்துக்கு முன்பே வீட்டில் சமையல் முடிந்திருக்க வேண்டும். காலைக்கும் மதியத்துக்கும் சேர்த்துச் சோறு வடித்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு ஓட வேண்டும்.

“விறகு ஈரமா இருந்தா அன்னைக்கு நாள் போச்சு” என்றார் பாட்டி. மழைக் காலத்தில் விறகை அடுப்புக்கு மேலே பரணில் காய வைப்பாராம். ஊதி ஊதிக் கண் சிவந்து, புகை மூஞ்சியோடு பெரட்டில் நிற்க வேண்டும். பிறகு மண்ணெண்ணெய் அடுப்பு வந்தது. புகை குறைந்தது, ஆனால் திரி வெட்டுவதும், சோற்றில் நாற்றம் ஏறுவதும் தொல்லையாக இருந்தன.

1982-இல், தீபாவளிக்கு முன், ஈப்போ கடை ஒன்றில் தவணைக்கு இந்த அடுப்பை வாங்கினார். தஞ்சோங் துவாலாங் கப்பல் நின்றுபோன அதே வருடம். அந்த லயத்தில் அதுதான் முதல் கேஸ் அடுப்பு. கணவருக்கு இது வீண் செலவாகப் பட்டதாம். விறகு சும்மா கிடைக்கும்போது காசு கொடுத்து ஏன் நெருப்பு வாங்க வேண்டும் என்று மாமியாரும் கேட்டாராம்.

“நாலு மணிக்கு எழுந்திரிச்சுக்கிட்டு இருந்தேன். இது வந்தப்புறம் நாலரைக்கு எழுந்திரிச்சேன்.”

அவ்வளவுதான் சொன்னார். அரை மணி நேரம். வேலை ஆறு நாள் என்று வைத்துக்கொண்டாலும் வாரத்துக்கு மூன்று மணி நேரத் தூக்கம். தோட்ட வரலாற்றில் கூலி எவ்வளவு, ரப்பர் விலை எவ்வளவு என்று எத்தனையோ கணக்குகள் எழுதப்பட்டிருக்கின்றன. ஒரு பெண் எத்தனை மணிக்கு எழுந்தாள் என்ற கணக்கு இந்த அடுப்பில்தான் இருக்கிறது.

புளியும் சலவைச் சோடாவும்

சோறாக்குவதாக வாக்குக் கொடுத்தாயிற்று. அடுப்போ பல வருடங்களாகக் கட்டிக் கிடந்தது. பழைய நாற்காலியைச் சரிசெய்வதும் பழைய கேஸ் அடுப்பைச் சரிசெய்வதும் ஒன்றல்ல. நாற்காலி உடைந்தால் விழுவோம். அடுப்பு கசிந்தால் வீடே போய்விடும். அதனால் வேலையை முதலிலேயே இரண்டாகப் பிரித்துக்கொண்டேன். துருவும் அழுக்கும் என் பொறுப்பு. வாயு ஓடும் பாதை முழுக்கத் தொழில் தெரிந்தவர் பொறுப்பு.

முதல் சோதனை விரிசல். வார்ப்பு இரும்பைக் கட்டித் தொங்கவிட்டு ஒரு கரண்டிக் காம்பால் தட்டினால், நல்ல துண்டு மணிபோல ஒலிக்கும். விரிசல் உள்ளது அடைத்த குரலில் பேசும். என் தொழில் காதை நம்பிய தொழில்தானே. இரண்டு பர்னர்களும் நல்ல குரலில் ஒலித்தன.

நாற்பது வருடத்து எண்ணெய்ப் பிசுக்கு, கருங்கல்போல இறுகியிருந்தது. சலவைச் சோடா கரைத்த வெந்நீரில் வார்ப்பு இரும்புத் துண்டுகளை இரவெல்லாம் ஊறப் போட்டேன். காலையில் பிசுக்கு தோல்போல உரிந்து வந்தது. துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, வெயிலில் காய வைத்து, சூடாக இருக்கும்போதே சமையல் எண்ணெயை மெல்லிசாகத் தடவித் துடைத்தேன். தோசைக்கல்லைப் பழக்குவது போலத்தான்.

பித்தளை மூடிகளுக்கு நம் வீட்டு மருந்தே போதும். பழைய புளியும் உப்பும் சேர்த்துத் தேய்த்தால், குத்துவிளக்கு எப்படிப் பளிச்சென்று வருமோ அப்படி வந்தது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா, அசாம் கெப்பிங்கைக் கொதிக்க வைத்த தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்தார். அதுவும் வேலை செய்தது. எல்லாம் புளிப்பு செய்யும் வித்தைதான். தேய்த்த பிறகு நல்ல தண்ணீரில் கழுவி, ஒவ்வொரு துளையும் திறந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

எனாமலை நான் தொடவில்லை. அது பெயிண்ட் அல்ல. ஏறக்குறைய 800 டிகிரி வெப்பத்தில் இரும்பின் மேல் உருக்கி ஒட்டிய கண்ணாடி. உதிர்ந்த இடத்தில் சாதாரண பெயிண்ட் அடித்தால் சூட்டில் கொப்பளித்து நாறும். மூலையில் இரண்டு இடங்களில் சில்லு போயிருக்கிறது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஊசி நுனித் துளை

கடைத்தெருவில் அடுப்பும் கேஸும் விற்கும் பழைய கடை ஒன்று உண்டு. கடைக்காரர் அறுபதைத் தாண்டிய சீனர். தகப்பனார் காலத்திலிருந்து இதே தொழில். அடுப்பைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. அடுத்த நிமிடமே, “இதற்குப் பேசாமல் புதிது வாங்கிவிடலாம்” என்று மலாயில் சொன்னார். சொல்லிக்கொண்டே திருப்புளியையும் எடுத்தார்.

கேஸ் அடுப்பின் இதயம் ஜெட் என்கிற சின்னப் பித்தளைத் துண்டு. அதன் நடுவில் ஊசி நுனியளவு துளை. அதன் வழியே வாயு வேகமாகப் பாயும்போது பக்கத்துக் காற்றையும் இழுத்துக்கொண்டு குழாய்க்குள் போகிறது. இரண்டும் கலந்து பர்னர் தலையில் எரிகின்றன. 1855-இல் ஹைடல்பர்க் நகரில் ராபர்ட் பன்சன் தன் ஆய்வுக்கூட விளக்குக்குப் பயன்படுத்திய அதே தத்துவம்தான். பள்ளிக்கூட வேதியியல் கூடத்தில் நாம் பற்றவைத்த பன்சன் விளக்கும் வீட்டு அடுப்பும் அண்ணன் தம்பிகள்.

நம் தோம்பில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும். ஒரு பங்கு வாயு முழுதாக எரிய, ஏறக்குறைய 24 முதல் 31 பங்கு காற்று வேண்டும். காற்று சரியாகக் கிடைத்தால் சுவாலை நீலம். குறைந்தால் மஞ்சள், பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்கும். அதைவிட மோசம், நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு நச்சு வாயு அறையில் சேரும். பர்னர் குழாயின் தொடக்கத்தில் இருக்கும் சின்னக் காற்றுக் கதவைத் திருப்பிச் சரிசெய்வது இதற்காகத்தான்.

“ஊசி விட்டுக் குத்தினாயா?” என்பதுதான் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. நம் பெரியவர்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு. 1892-இல் ஸ்வீடனின் லிண்ட்குவிஸ்ட் உருவாக்கிய பிரைமஸ் வகைப் பம்ப் ஸ்டவ் அடைத்துக்கொண்டால், அதற்கென்றே இருந்த பின்னால் குத்துவார்கள். கேஸ் ஜெட்டில் கம்பியோ ஊசியோ விட்டால் துளை பெரிதாகிவிடும்; வாயு அளவுக்கு மீறி வரும். அவர் ஜெட்டைக் கரைப்பானில் ஊற வைத்துக் காற்றடித்தே சுத்தம் செய்தார்.

பிறகு திருகு வால்வு. கூம்பு வடிவப் பித்தளைக் கட்டை ஒன்று, அதற்கேற்ற குழியில் உட்கார்ந்து சுழலும். இரண்டுக்கும் நடுவே சூடு தாங்கும் தனி கிரீஸ்தான் வாயுவைத் தடுக்கிறது. பழைய கிரீஸ் காய்ந்து பிசினாகியிருந்தது. துடைத்து, புதிது தடவி, மாட்டி, சோப்பு நீர் பூசினார். வலது பக்கம் அமைதியாக இருந்தது. இடது பக்கம் சின்னச் சின்னக் குமிழிகள் எழுந்தன. கழற்றி மீண்டும் தடவினார். மீண்டும் குமிழி. கூம்பைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக் காட்டினார். நாற்பது வருடத் திருகலில் பித்தளை தேய்ந்து, ஒரு பக்கம் கோடு விழுந்திருந்தது. அந்த அளவில் வால்வு இப்போது கிடைப்பதில்லை.

“யாங் இனி சுடா மாத்தி” என்றார்.

இன்னொரு வால்வை வெட்டி ஒட்டவைக்க முடியாதா என்று கேட்டேன். முடியும், ஆனால் செய்யமாட்டேன் என்றார். இடது பக்கத்துக் குழாயைத் திருகு மூடி போட்டு நிரந்தரமாக அடைத்தார். கடைசியில் எனக்குக் கிடைத்தது ஒற்றைக் கண் அடுப்பு. கூலி, ஜெட் சுத்தம், புதிய குழாய், புதிய ரெகுலேட்டர் எல்லாம் சேர்த்து 165 வெள்ளி ஆனது. அடுப்பின் விலையைப் போல மூன்று மடங்குக்கும் மேல். அந்தப் பணத்துக்குக் கடையில் இரண்டு பர்னர் வைத்த புதிய அடுப்பே கிடைத்திருக்கும். கணக்குப் பார்க்கிறவர்கள் பாட்டியின் மாமியார் பக்கம் நிற்கலாம்.

குழாய் மாற்றும்போது அவர் சொன்ன ஒரு செய்தி எனக்குப் புதிது. சமையல் வாயு இயற்கை ரப்பரை உப்ப வைத்துக் கெடுத்துவிடும். அதனால் கேஸ் குழாயின் உட்புறத்தில் செயற்கை ரப்பர்தான் இருக்கும். முப்பது வருடங்கள் பாட்டி இறக்கிய பாலுக்கும் அவர் அடுப்புக்கு வாயு கொண்டுவந்த குழாய்க்கும் சம்பந்தமே இல்லை.

புகைக்கு இன்னும் முடிவு வரவில்லை

இதெல்லாம் பழைய கதை என்று நினைக்க வேண்டாம். விறகு, கரி, சாணம் எரிக்கும் வீட்டுப் புகையால் 2020-இல் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அடுப்படியில் அதிக நேரம் நிற்பது பெண்களும் அவர்கள் இடுப்பில் இருக்கும் குழந்தைகளும்தான்.

தமிழ்நாட்டில் 2006-இல் வந்த ஆட்சி ஏழைக் குடும்பங்களுக்கு இலவச கேஸ் அடுப்பு கொடுத்தது. வண்ணத் தொலைக்காட்சி கொடுத்ததைப் பற்றித்தான் இன்றும் எல்லாரும் பேசுகிறார்கள். இந்திய அரசு 2016-இல் உஜ்வலா திட்டத்தைத் தொடங்கியது. அடுப்பு கொடுத்தால் மட்டும் போதாது, அடுத்த தோம்பு வாங்கக் காசு வேண்டும் என்பது அங்கே இன்றும் தொடரும் விவாதம். நம் நாட்டில் வீட்டுக் கேஸுக்கு அரசு உதவித்தொகை உண்டு. கிலோவுக்கு 1 வெள்ளி 90 காசு, 14 கிலோ தோம்புக்கு 26 வெள்ளி 60 காசு. தோம்பு தீர்ந்ததும் கடைக்கு ஒரு வார்த்தை சொன்னால் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போகிறார்கள். இந்த வசதி எவ்வளவு பெரியது என்று, ஈர விறகை ஊதியவரிடம் கேட்டால்தான் தெரியும்.

பால் பொங்கியது

ஒரு வெள்ளிக்கிழமை காலை அடுப்பை ஏற்றினோம். புது அடுப்புக்குச் செய்வதுபோலவே மஞ்சள் குங்குமம் வைத்து முதலில் பால் காய்ச்சினோம். நெருப்புக்குச்சியை உரசிக் காட்ட, ‘டப்’ என்று மெல்லிய சத்தத்தோடு நீல வளையம் விரிந்தது. வார்ப்பு இரும்பு மெதுவாகத்தான் சூடேறுகிறது. சூடேறிய பிறகு அடுப்பை அணைத்தாலும் ரசம் இன்னும் கொஞ்ச நேரம் கொதித்துக்கொண்டிருக்கிறது. நெத்திலி சம்பல் இதில் அடிப்பிடிப்பதில்லை.

பாட்டிக்குக் கைத்தொலைபேசியில் காணொலி அழைப்புப் போட்டேன். மகள் பிடித்துக் காட்ட, திரைக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுவந்து சுவாலையைப் பார்த்தார். இடது பக்கம் எரியாததைச் சொன்னேன். “அந்தப் பக்கந்தான் சோறு வடிப்பேன். ரொம்ப உழைச்சிருச்சு” என்றார்.

பிறகு, “நீ எத்தனை மணிக்கு எழுந்திரிக்கிற?” என்று கேட்டார்.

“ஆறரை, ஏழு பாட்டி.”

“தூங்கு, தூங்கு” என்று சிரித்தார்.

பழைய அடுப்பு வாங்கப் போகிறீர்களா?

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஈப்போவில் கூடும் மெமரி லேன் பழம்பொருள் சந்தை போன்ற இடங்களில் பழைய அடுப்புகளைத் தேடலாம். வீட்டுப் பரணிலும் ஒன்று இருக்கலாம். சமைக்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் இவற்றை மனத்தில் வையுங்கள்:

• வார்ப்பு இரும்பைத் தட்டிப் பாருங்கள். விரிசல் இருந்தால் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

• அடுப்பு எந்த வாயுவுக்குச் செய்யப்பட்டது என்று கேளுங்கள். நிலக்கரி வாயுவுக்காகச் செய்த பழைய ஆங்கிலேய அடுப்புகளில் ஜெட் துளை பெரிதாக இருக்கும். நம் தோம்புக்கு அப்படியே மாட்டுவது ஆபத்து.

• அவன் வைத்த பழைய அடுப்புகளின் கதவு ஓரத்திலும் உட்சுவரிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். சுரண்டவோ தேய்க்கவோ வேண்டாம்.

• ரப்பர்க் குழாயும் ரெகுலேட்டரும் கட்டாயம் புதிதாக இருக்கட்டும். அங்காடிக் கடைகளில் பயன்படும் உயர் அழுத்த ரெகுலேட்டரை வீட்டு அடுப்பில் மாட்டக்கூடாது.

• கசிவுச் சோதனைக்குச் சோப்பு நீர் மட்டுமே. நெருப்பைக் காட்டிப் பார்க்கவே கூடாது. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். தோம்பு இருக்கும் இடத்தில் கீழே காற்றோட்டம் வேண்டும்.

• பழைய அடுப்பில், சுவாலை அணைந்தால் வாயுவைத் தானாக நிறுத்தும் பாதுகாப்பு இருக்காது. பற்றவைத்துவிட்டுத் தொலைபேசி பேசப் போகாதீர்கள்.

• வால்விலும் ஜெட்டிலும் நீங்களே கை வைக்காதீர்கள். எரிவாயு வேலைக்குத் தகுதிச் சான்று பெற்றவரிடம் கொடுங்கள். அவர் முடியாது என்றால் முடியாதுதான்.

பத்து காஜாவுக்கு வர நினைப்பவர்களுக்கு: தலைநகரிலிருந்து இ.டி.எஸ். ரயில் இங்கே நிற்கும். மாளிகையும் ஈயக் கப்பலும் ஊரின் வெவ்வேறு பக்கங்களில் இருப்பதால் கார் இருந்தால் நல்லது. காலையில் மாளிகையையும் மாரியம்மன் கோவிலையும் பார்த்துவிட்டுக் கடைத்தெருவில் சாப்பிடலாம். பிற்பகலில் கப்பலுக்குப் போகலாம். இந்த வட்டாரத்தில் உங்களுக்குச் சொந்தக்காரர்கள் இருந்தால் அவர்கள் வீட்டுச் சமையலறைக்கும் ஒரு நடை போய் வாருங்கள். அங்கே இருப்பதில் எது பழையது, யார் வாங்கியது, எதற்காக வாங்கினார்கள் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பழைய இரும்பு லோரி வாரத்துக்கு இரண்டு முறை வருகிறது.